காற்று வாயில் விட்ட பெற்றோல்

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோலும் டீசலும் வருவது தடைப்பட்டது. அளந்து வந்த மண்ணெண்ணெயைத்தான் ஜாம் போத்தல் விளக்கும் காரும் மோட்டார் சைக்கிளும் பங்குபோட்டுக்கொண்டன. போத்தலில் பொத்திவைத்த பெற்றோலில் சில துளியைக் காபரேற்றரின் காற்று வாயில் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடவிடுவார்கள். இதைத் தடைக்காலத்தின் கண்டுபிடிப்பு என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கரையிலும் தோட்டத்திலும் ஏற்கெனவே புழங்கிய அறிவைத்தான் தடை தெருவுக்கு இழுத்துவந்தது என்பது என் எண்ணம்.

கரையூர் என்று முன்பு அழைக்கப்பட்ட, யாழ்ப்பாணக் கரையின் மீன்பிடிப் பகுதியான குருநகரையே எடுத்துக்கொள்வோம். இலங்கை மீன்பிடிக்கு எஞ்சின் பரவலாக வரத் தொடங்கியது 1950களின் பிற்பகுதியில். கண்ணாடியிழைப் படகுகளில் பூட்டப்படும் வெளியிணைப்பு இயந்திரங்களில் மண்ணெண்ணெய் வகை ஒன்று உண்டு. அதைக் கிளப்பப் பெற்றோல், ஓட்ட மண்ணெண்ணெய். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் கிணற்று நீர் இறைத்த மெஷின்களிலும் இதே முறைதான். காரணம் எளியது. பெற்றோல் பூச்சியத்துக்கு 40 பாகை கீழேயும் தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். மண்ணெண்ணெய்க்கு ஏறத்தாழ 38 பாகையாவது வேண்டும். குளிர்ந்த எஞ்சினுக்குள் போகும் மண்ணெண்ணெய் ஆவியாகாமல் துளியாகவே நிற்கும். பிரித்தானிய உழவு இயந்திரங்களும் ஒரு காலத்தில் இப்படித்தான் ஓடின. 1949இல் வந்த ஃபெர்கியூசன் ரகம் ஒன்று, பெற்றோலில் கிளம்பி, உள்ளிழுக்கும் குழாய் புகைபோக்கியின் சூட்டில் காய்ந்த பிறகு மண்ணெண்ணெய் போன்ற மலிவு எண்ணெய்க்கு மாறும்படியே செய்யப்பட்டது.

படகு எஞ்சின் இரண்டடிப்பு, கார் எஞ்சின் நான்கடிப்பு. ஒன்றின் பழக்கம் மற்றதற்கு எப்படி உதவும் என்று கேட்கலாம். அடிப்பு எத்தனையானாலும் காற்றோடு எரிபொருள் கலக்கும் இடத்தில் சிக்கல் ஒன்றே. உண்மையான வேறுபாடு அமுக்கத்தில் இருக்கிறது. மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகத் தாழ்வு. அதிகம் அமுக்கினால் எஞ்சின் தட்டும். ஒஸ்டின் ஏ40 போன்ற 1950களின் ஆங்கிலக் கார்களின் அமுக்க விகிதம் ஏழுக்கு ஒன்று அளவில்தான் இருந்தது. அதனால்தான் புது ஜப்பான் கார்கள் முடங்கிக் கிடந்தபோது இந்தக் கிழடுகள் புகை கக்கிக்கொண்டு தெருவில் ஓடின. அற்புதத்தில் பாதி வண்டியுடையது. இதைச் சொல்வதால் மெக்கானிக்கின் மதிப்பு குறையாது. எந்த வண்டி தாங்கும் என்று கண்டுகொண்டவர் அவர்தானே.

எஞ்சின்களை நாசமாக்கியதை அறிவு என்று புகழலாமா என்றும் சிலர் கேட்பார்கள். எரியாத மண்ணெண்ணெய் வளையங்களைத் தாண்டி இறங்கி ஒயிலை நீர்க்கச் செய்தது, தேய்மானம் கூடியது, எல்லாம் உண்மை. ஆனால் அந்த உழவு இயந்திரங்களுக்கும் இதே நோய்தான். ஒயிலை அடிக்கடி மாற்றியே சமாளித்தார்கள். குறைபாடு எரிபொருளோடு பிறந்தது. அதைக் கைவேலையின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

இந்த வரலாற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், லொறிக்குப் பவர் கூட்டும் என்று இன்று தனியாக விற்கப்படும் காற்றுக் குழாய்களும் பருத்தி எயார் ஃபில்டர்களும் கேள்வியையே தலைகீழாகக் கேட்கின்றன. அன்று சிக்கல் எரிபொருளில் இருந்தது, இவை அதைக் காற்றில் தேடுகின்றன. டீசல் எஞ்சின் எப்போதும் தேவைக்கு மேல்தான் காற்றை இழுக்கிறது. எரிபொருளைக் கூட்டாமல் காற்றை மட்டும் கூட்டினால் வலு பெரிதாக ஏறாது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது, ஆகவே எஞ்சின் அறைக்கு வெளியிலிருந்து எடுப்பதே நல்லது என்பார்கள். சரிதான், அதற்காகத்தானே லொறிகளில் கபினுக்குப் பின்னால் உயரக் குழாய் வைத்தே கொம்பனி அனுப்புகிறது? கறுப்புப் புகை தள்ளும் லொறி வேறு கதை. அதில் ஃபில்டர் அடைத்திருக்கலாம், இன்ஜெக்டர் கெட்டிருக்கலாம். புதுக் குழாய் அந்தக் கோளாறை மறைக்கும், தீர்க்காது. மணலும் உப்புக் காற்றும் சேர்ந்தடிக்கும் குருநகர்க் கரையில், காற்றைத் தாராளமாக விடும் ஃபில்டர் தூசியையும் தாராளமாக விடும். அங்கே மீன் ஏற்றும் லொறிக்குக் கொம்பனிக் காகித ஃபில்டரே போதும், நேரத்துக்கு மாற்றினால்.