லவுடன்: ஒரு குன்றின் பெயர் கடல் கடந்த கதை

ஓர் ஊருக்கோ கோட்டைக்கோ ஒருவரின் பெயர் இடப்பட்டிருந்தால், அவர் அங்கு அரிய செயல் ஆற்றியிருப்பார் என்று கருதிவிடுகிறோம். ‘லவுடன்’ என்னும் பெயரின் வரலாறு இக்கருத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகிறது.

லவுடன், ஸ்காட்லாந்தின் அயர்ஷயர் பகுதியிலுள்ள ஓர் இடம். 1307இல் அங்குள்ள குன்றினருகே ராபர்ட் புரூஸ் ஆங்கிலேயப் படையை வென்றார். 17ஆம் நூற்றாண்டில் கேம்பல் குடும்பத்தார் ‘லவுடன் ஏர்ல்’ என்னும் பிரபுப் பட்டம் பெற்றனர். மண்ணுக்குரிய பெயர் பட்டமானதும், பட்டத்துக்குரியவருடன் பயணம் செய்யத் தொடங்கியது.

நான்காம் ஏர்லான ஜான் கேம்பல், 1756இல் வட அமெரிக்கப் பிரித்தானியப் படைகளின் தலைமைத் தளபதியாகவும் வர்ஜீனியாவின் ஆளுநராகவும் பொறுப்பேற்றார். வர்ஜீனியாவில் இளம் ஜார்ஜ் வாஷிங்டனின் மேற்பார்வையில் எழுந்த கோட்டை, பென்சில்வேனியாவில் ஒன்று, இன்றைய டென்னசியில் தென் கரோலினாவினர் கட்டிய மற்றொன்று என மூன்று கோட்டைகள் அவர் பெயரைத் தாங்கின. 1757இல் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியிலிருந்து பிரிந்த பகுதியும் லவுடன் கவுண்டி ஆயிற்று.

அதே ஆண்டில், பிரெஞ்சுக்காரரின் லூயிஸ்பர்க்கைக் கைப்பற்றும் அவரது முயற்சி கைவிடப்பட்டது. வில்லியம் ஹென்றி கோட்டையும் பிரெஞ்சுப் படையிடம் வீழ்ந்தது. 1758இல் அவரிடத்தில் வேறொருவர் அமர்த்தப்பட்டார். 1760இல் டென்னசிக் கோட்டை செரோக்கி மக்களின் முற்றுகைக்குப் பணிந்தது. ஆயினும் பெயர் அழியவில்லை. 1870இல் டென்னசியில் அமைந்த புதிய கவுண்டிக்கு, வீழ்ந்த அக்கோட்டையின் பெயரே சூட்டப்பட்டது. ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்து மட்டும் குறைந்தது.

இந்தியாவிலும் அப்பெயரின் தடம் உண்டு. அப்பட்டத்தைப் பின்னர் மரபுரிமையாகப் பெற்ற ஃப்ளோரா, 1813 முதல் 1823 வரை தலைமை ஆளுநராயிருந்த ஹேஸ்டிங்ஸ் பிரபுவின் மனைவி. கொல்கத்தாவின் லவுடன் தெரு அவர் பட்டத்தால் பெயர்பெற்றது. இன்று அத்தெரு, காலா அசார் நோய்க்கு மருந்து கண்ட மருத்துவர் உபேந்திரநாத் பிரம்மச்சாரியின் பெயரைத் தாங்குகிறது.

முன்னது பதவியின் அருகிலிருந்து வந்த பெயர். பின்னது பணியால் ஈட்டிய பெயர். இடப்பெயரைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர், அது எவருடைய பெயர் என்பதோடு நின்றுவிடலாகாது. எந்த ஆண்டில், எவர் இட்டார் என்றும் வினவ வேண்டும். பெயர்கள் பெரும்பாலும் பெயருக்குரியவரின் தகுதியைவிட, இட்டவர் எவரை நோக்கி நின்றார் என்பதையே தெளிவாகக் காட்டுகின்றன.