வெயில் ஊரில் சிறு கணினி: சேமிப்பகத்தின் சூடும் ஓசையும்

2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் வழங்கப்பட்ட கணினிகளை எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. தொடக்க ஆண்டுக் கணினிகளில் 2 ஜிபி நினைவகமும் 320 ஜிபி வன்தட்டும் இருந்தன. கடலூர் மாவட்டத்தின் மேற்கே, வெள்ளாற்றங்கரையில் உள்ள திட்டக்குடி போன்ற வட்டங்களில் பல குடும்பங்களுக்கு வீட்டுக்குள் வந்த முதல் கணினி அதுதான். ஹார்டு டிஸ்க் என்று எல்லோரும் சொல்லும் வன்தட்டின் மெல்லிய இரைச்சலும், மடியில் வைத்தால் தொடையைச் சுடும் அதன் சூடும் அவர்களுக்கு அப்போது அறிமுகமாயின.

அந்த இரைச்சலும் சூடும் ஒரே இடத்தில் பிறப்பவை. ஆனால் கணினி வரலாற்றில் இரண்டும் ஒன்றாக ஒழியவில்லை. ஓசை முற்றிலும் போன பிறகு சூடு வேறு வழியாகத் திரும்பி வந்தது. சிறு கணினிக்குச் சேமிப்பகம் வாங்குவோர் பலரும் தவறுவது இந்த இடத்தில்தான்.

தட்டு சுருங்கிய கதை

1956இல் ஐபிஎம் நிறுவனம் அறிமுகப்படுத்திய ராமாக் கணினியின் சேமிப்பகத்தில், இரண்டு அடி விட்டமுள்ள 50 தட்டுகள் நிமிடத்துக்கு 1200 முறை சுழன்றன. அதன் எடை ஒரு டன்னுக்கு மேல். கொள்ளளவோ 50 லட்சம் எழுத்துகள். இன்றைய கைப்பேசிப் படம் ஒன்றிரண்டுக்கு மேல் அதில் அடங்காது. 1980இல் சீகேட் நிறுவனம் 5.25 அங்குல வன்தட்டை வெளியிட்டது. 1983இல் 3.5 அங்குலமும், 1988இல் பிரெய்ரிடெக் நிறுவனத்தின் 2.5 அங்குலமும் வந்தன. மடிக்கணினிகளில் நிலைத்தது இந்த 2.5 அங்குல அளவே.

தட்டு சிறியதானால் சூடு ஏன் குறைகிறது? சுழலும் தட்டு தன்னைச் சுற்றியுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு சுழல்கிறது. அந்த இழுவைக்கே மோட்டாரின் ஆற்றலில் பெரும்பங்கு போகிறது. சுழலும் வேகத்தை இரட்டித்தால் காற்றின் இழுவைக்குச் செலவாகும் ஆற்றல் ஏறத்தாழ ஏழு மடங்காகிறது. விட்டத்தைக் குறைத்தால் சேமிப்பு அதைவிடவும் கூடுதல். மேசைக் கணினியின் 3.5 அங்குல வன்தட்டு இயங்கும்போது 6 முதல் 10 வாட் வரை எடுக்க, நிமிடத்துக்கு 5400 சுற்று சுழலும் 2.5 அங்குலத் தட்டு 2 வாட்டை ஒட்டியே எடுக்கிறது. 2005இல் வந்த மேக் மினி என்னும் கையடக்கமான மேசைக் கணினி, மடிக்கணினித் தட்டையே பயன்படுத்தியதற்கு இடமும் சூடும் இரண்டுமே காரணங்கள்.

ஓசை குறைந்தது வேறொரு மாற்றத்தால். பழைய மோட்டார்கள் பால் பேரிங்கில் சுழன்றன. உருளைகள் தேயத் தேயக் கீச்சொலி கூடும். 2001இல் சீகேட்டின் பாரக்குடா வரிசையில் குண்டுகளுக்குப் பதில் மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் அச்சு சுழலும் அமைப்பு வந்தது. சில ஆண்டுகளுக்குள் மற்ற நிறுவனங்களும் அதற்கு மாறின. எஞ்சியது, படிக்கும் முனை இங்குமங்கும் பாயும்போது எழும் கடகட ஒலி மட்டும்.

பக்கத்து விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர் என்பதால் ஒன்றைக் குறிப்பிடலாம். வன்தட்டின் படிக்கும் முனையைச் சுமக்கும் சிறு துண்டு அலுமினாவும் டைட்டானியம் கார்பைடும் கலந்த செராமிக்கால் ஆனது. மடிக்கணினி வன்தட்டுகள் பலவற்றில் தட்டே கண்ணாடிதான். அந்தச் செராமிக் துண்டு, தட்டுக்குச் சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. தூசியும் அதிர்ச்சியும் அதற்கு ஏன் எமன் என்பது இதிலிருந்து விளங்கும்.

வெயிலும் மின்வெட்டும்

2.5 அங்குல வன்தட்டுகளுக்குத் தயாரிப்பாளர்கள் குறிக்கும் வெப்ப எல்லை பொதுவாக 60 டிகிரி செல்சியஸ். குளிர்நாட்டு அறையில் அந்த எல்லை வெகு தொலைவு. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், காங்கிரீட் கூரைக்கு அடியில், மெத்தை மேல் காற்றுத்துளை அடைபட்டுக் கிடக்கும் மடிக்கணினிக்கு அது கைக்கெட்டும் தூரம்.

2012இல் சென்னைக்கு வெளியே பல பகுதிகளில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்தது. அனல்மின் நிலையங்கள் உள்ள நெய்வேலி இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது என்பது வேறு விஷயம். மடிக்கணினியில் பேட்டரி உண்டு. மினி பிசி எனப்படும் சிறு மேசைக் கணினியில் கிடையாது. மின்சாரம் திடீரென நின்றால், வன்தட்டு தன் சுழற்சியில் மிஞ்சியிருக்கும் விசையையே மின்சாரமாக்கி, படிக்கும் முனையைப் பத்திரமான மேட்டில் ஏற்றிவிடும். தட்டு தப்பும், எழுதிக்கொண்டிருந்த கோப்பு தப்பும் என்பதற்கு உறுதியில்லை.

மடிக்கணினித் திட்டம் தொடங்கிய அடுத்த மாதமே, வன்தட்டு உற்பத்தியின் பெரு மையமான தாய்லாந்தில் வெள்ளம் புகுந்து ஆலைகள் மூழ்கின. உலகெங்கும் தட்டுப்பாடு ஏற்பட்டு விலை ஏறியது. தட்டே இல்லாத மாற்று ஒன்றைப் பலர் திரும்பிப் பார்க்க அந்த விலையேற்றமும் ஒரு காரணம்.

தட்டில்லாச் சேமிப்பகம்

அந்த மாற்று அப்போது புதியது அன்று. தோஷிபாவில் பணியாற்றிய ஃபூஜியோ மசுவோகா ஃபிளாஷ் நினைவகத்தை 1984இல் உலகுக்கு அறிவித்தார். 1991இல் சான்டிஸ்க் நிறுவனம் 20 எம்பி எஸ்எஸ்டியை வெளியிட்டது. 2007இல் வந்த ஆசுஸ் ஈ பிசி 4 ஜிபி ஃபிளாஷுடன் மலிவாக விற்றது. அசையும் உறுப்பு இல்லாததால் எஸ்எஸ்டியில் ஓசைக்கே இடமில்லை. 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, வன்தட்டின் அதே இணைப்பில் பொருந்தும். நொடிக்கு 550 எம்பி வரை படிக்கும். சும்மா இருக்கும்போது ஒரு வாட்டில் ஒரு பகுதியே எடுக்கும். பழைய விலையில்லா மடிக்கணினிக்கு இதைவிடப் பொருத்தமான மாற்று இல்லை. பழைய வன்தட்டு 9.5 மில்லிமீட்டர் தடிமனாகவும் புதியது 7 மில்லிமீட்டராகவும் இருந்தால், இடைவெளிக்கு ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைத்தால் போதும்.

சூடு திரும்பியது இதற்குப் பிறகு. 2011இல் என்விஎம்இ என்னும் வேகமான தொடர்புமுறை வரையறுக்கப்பட்டது. பிறகு சூயிங்கம் பட்டை அளவுள்ள எம்.2 வடிவம் வந்தது. 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் உள்ள பட்டை நொடிக்கு 3500 எம்பி படிக்கும்போது 5 வாட்டுக்கு மேலும் எடுக்கக்கூடும். புதிய தலைமுறைப் பட்டைகள் 10 வாட்டையும் தாண்டுகின்றன. வன்தட்டுக்காவது பரந்த உலோகப் பெட்டி இருந்தது. இதற்கு அதுவும் இல்லை. வெப்பம் எல்லை மீறினால் உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே சிறிய மூடிய பெட்டிக்குள், மே மாதத்தில், அதிவேகப் பட்டைக்குக் கொடுத்த கூடுதல் பணம் பெரும்பாலும் வீண். தனி டிராம் சில்லு இல்லாத நடுத்தர என்விஎம்இ பட்டையோ சாட்டாவோ அங்கே போதும். பாடம் படிப்பவருக்கும் கடிதம் தட்டச்சு செய்பவருக்கும் வேகத்தில் வேறுபாடு தெரியாது. இன்னொரு சிக்கலும் உண்டு: எம்.2 துளையில் சாட்டா பட்டையும் வரும், என்விஎம்இ பட்டையும் வரும். உள்ளே பொருந்தியும் வேலை செய்யாமல் போகலாம் என்பதால், கணினியின் கையேட்டைப் பார்த்துவிட்டே கடைக்குப் போக வேண்டும்.

ஓசையின்மைக்கு ஒரு விலையும் உண்டு. பழுதாகும் வன்தட்டு பல வேளைகளில் டக் டக் என்று அடித்து முன்னறிவிக்கும். படங்களைப் பெயர்த்துக்கொள்ளச் சில நாள்களேனும் கிடைக்கும். எஸ்எஸ்டி பல சமயம் சொல்லாமலேயே நின்றுவிடும். மின்சாரமின்றிக் கிடந்தால் அதில் பதிந்த மின்னூட்டமும் மெல்லக் கசியும். எழுதித் தீர்ந்த எஸ்எஸ்டி, 30 டிகிரி வெப்பத்தில் மின்சாரமின்றி ஓராண்டு தரவைக் காக்க வேண்டும் என்பது ஜெடெக் அமைப்பின் தரவிதி. புதிய எஸ்எஸ்டி அதைவிட நெடுங்காலம் காக்கும். எதுவாயினும் வெப்பம் ஏற ஏற அக்காலம் சுருங்கும். ஓட்டு வீட்டுப் பரண் அதற்கேற்ற இடமன்று.

2025இல் எல்காட் கோரிய புதிய மாணவர் மடிக்கணினிகளுக்கு 8 ஜிபி நினைவகமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் குறிக்கப்பட்டன. பழைய கணினியில் எஸ்எஸ்டி மாற்றுவோர் கழற்றிய 320 ஜிபி வன்தட்டை எறிய வேண்டியதில்லை. சில நூறு ரூபாய் யுஎஸ்பி உறைக்குள் இட்டால், மாதம் ஒருமுறை சான்றிதழ்களையும் குடும்பப் படங்களையும் அதில் படியெடுத்து வைக்கலாம்.