நம்ம ஐப்பசி நோம்பி: சோறு, விதை, கும்மி



இந்த மலரில் சேமிப்பு, கடன், தொழில் பற்றி நிறையப் பேர் எழுதியிருப்பாங்க. நான் நம்ம நோம்பியோட வரலாற்றை எழுதலாம்னு நினைச்சேன். மத்த ஊர்க்காரங்க திருவிழா என்பதை நம்ம கொங்குப் பக்கம் நோம்பி என்போம். தைப் பொங்கலைப் பற்றி எல்லாப் புத்தகத்திலும் இருக்கு. புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகையில் வர்ற நோம்பிகளைப் பற்றி எழுதினவங்க குறைவு. ஆனா பெண்கள் கையில் இருந்த வேலை அதில்தான் அதிகம்.

ஐப்பசி நோம்பிக்கு ஒரு காரணம் உண்டு. ஆடிப் பட்டத்தில் விதைச்ச கம்பும் நிலக்கடலையும் வீடு வந்து சேரும் நேரம் அது. கொல்லையில் போட்ட பீர்க்கு, சுரை, பூசணி காய்க்கும். வடகிழக்கு மழை அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். அந்த ஈரத்தை நம்பி மானாவாரிக் காட்டில் சோளமும் கொள்ளும் விதைப்பாங்க. ஒரு வெள்ளாமை வந்து, அடுத்தது மண்ணுக்குள் போகும் இடைவெளி அது. இங்கிலாந்தில் இதே காலத்தில் சர்ச்சுகளில் காய்கறிகளை அடுக்கி வெச்சு அறுவடைக்கு நன்றி சொல்வாங்க. கொரியாவில் சூசொக் என்று கொண்டாடுவாங்க. அங்கெல்லாம் குளிர் வருமுன் அறுவடை முடியும் பண்டிகை. நமக்கு அறுவடையும் விதைப்பும் ஒண்ணாச் சேர்ந்த பண்டிகை.

கொங்கு நாட்டில் பல ஊர் மாரியம்மனுக்குத் தீபாவளியை ஒட்டி நோம்பி சாட்டுவாங்க. ராசிபுரம் நித்ய சுமங்கலி மாரியம்மன் கோயிலின் ஐப்பசித் திருவிழா பெரிசா நடக்கும். பூச்சாட்டு முடிஞ்சதும் கோயில் முன்னால் மூணு கிளை உள்ள மரக்கம்பத்தை நடுவாங்க. கம்பத்தை அம்மனோட புருஷனா நினைப்பாங்க. காலையில் பெண்கள் வேப்பிலை, மஞ்சள் தண்ணி ஊத்துவாங்க. ராத்திரி தப்பட்டை அடிக்க ஆண்கள் கம்பத்தைச் சுத்தி ஆடுவாங்க. பிறகு மாவிளக்கு, பொங்கல், முளைப்பாலிகை.

முளைப்பாலிகையைக் கொஞ்சம் விவரமாச் சொல்றேன். மண்சட்டியில் வைக்கோலும் காய்ஞ்ச சாண எருவும் மண்ணும் போட்டு, ஊற வெச்ச நவதானியத்தைத் தூவுவாங்க. வெயில் படாத அறையில் ஏழு நாளோ ஒன்பது நாளோ வெச்சுத் தண்ணி தெளிப்பாங்க. வெளிச்சம் இல்லாததால முளை வெளுத்து மஞ்சளா, நெட்டையா வளரும். அதைத் தலையில் சுமந்து வந்து கோயிலில் வெச்சு, சுத்திக் கும்மி அடிச்சு, கடைசியில் ஆத்திலோ கிணத்திலோ விடுவாங்க. சாமி காரியம்தான். ஆனா அதில் ஒரு விவசாயக் கணக்கும் இருக்குன்னு நான் நினைக்கிறேன். எந்த வீட்டு விதை நல்லா முளைச்சது, எது பூச்சி அரிச்சு வீணாச்சுன்னு ஊரே பார்த்துடும். அடுத்த விதைப்புக்கு யார்கிட்ட விதை கேக்கலாம்னு தெரிஞ்சுடும். இன்னைக்கு அதிகாரிங்க முளைப்புத்திறன் சோதனை என்று சொல்றது இதைத்தான். விதையைச் சாம்பல் கலந்தும், துவரையைச் செம்மண் கட்டியும், சுரைக்குடுக்கையில் போட்டும் காப்பாத்தினது பெண்கள்தான்.

அப்புறம் சாப்பாடு. கம்பஞ்சோறு, ராகிக் களி, கொள்ளுப் பருப்பு, தட்டப்பயறுக் குழம்பு, சந்தவை, நோம்பிக்கு ஒப்புட்டும் கச்சாயமும். என் அம்மாயி சின்ன வயசில் நெல்லுச்சோறு நோம்பிக்கும் விருந்துக்கும் மட்டும்தானாம். மத்த நாளெல்லாம் கம்பும் சோளமும்தான்.

இது எப்படி மாறுச்சு? 1930-களில் பைக்காரா மின்சாரம் கோயமுத்தூர்ச் சீமைக்கு வந்தது. கிணத்துக்கு மோட்டார் வந்தது. கவலை ஏத்தம் போச்சு. பருத்தி, கரும்பு, மஞ்சள், வாழை கூடுச்சு. 1955-இல் பவானிசாகர் அணை முடிஞ்சு கீழ்பவானி வாய்க்காலில் தண்ணி வந்தது. சுமார் 2.07 லட்சம் ஏக்கருக்குப் பாசனம் கிடைச்சது. பிறகு ரேஷன் அரிசி வந்தது. ஏழை வீட்டில் பசி குறைஞ்சது, அதை மறக்கக் கூடாது. ஆனா மானாவாரித் தானியம் தட்டில் இருந்து போயிடுச்சு. விதையும் பாக்கெட்டில் வர ஆரம்பிச்சது. விதைப்பானை பரணில் ஏறிடுச்சு. அதோட விதையில் பெண்ணுக்கு இருந்த சொல்லும் போயிடுச்சு.

இதில் நமக்கு என்ன நஷ்டம்? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயசுப் பெண்களில் நூத்துக்கு 53 பேருக்கு ரத்தசோகை. 100 கிராம் கம்பில் 6 மில்லி கிராமுக்கு மேல் இரும்புச்சத்து இருக்கு. பாலிஷ் அரிசியில் 1 மில்லி கிராம்கூட இல்லை. கம்பு சாப்பிட்டால் மட்டும் ரத்தசோகை தீர்ந்துடாது, மாத்திரையும் வேணும், கீரையும் வேணும். ஆனா கையில் இருந்த நல்ல சாப்பாட்டை விட்டோம் என்பது உண்மை. இந்தியா கேட்டு ஐ.நா. சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவிச்சது. இன்னைக்கு டவுன் கடையில் கம்பு லட்டு நல்ல விலைக்கு விக்குது. நம்ம அடுப்படிப் பண்டம்தான்.

பழைய நோம்பி எல்லாமே நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன். நோம்பி சாட்டுறதும் வரி போடுறதும் ஆண்கள்தான். மாவு இடிச்சு, வீடு மெழுகி, ராத்திரி வரைக்கும் அடுப்படியில் நின்னவங்களை யாரும் யோசனை கேட்டதில்லை. பல ஊரில் தப்பட்டை அடிச்சவங்க கோயிலுக்கு வெளியேதான் நிக்கணும். கணவனை இழந்தவங்களைப் பாலிகை எடுக்க விட மாட்டாங்க. வள்ளிக் கும்மியும் ஆண்கள் ஆட்டமாத்தான் இருந்தது.

அதை மாத்தினவங்களும் நம்ம பக்கத்தில்தான் இருக்காங்க. மேட்டுப்பாளையம் பக்கத்தைச் சேர்ந்த பத்ரப்பன் ஐயா, வள்ளி முருகன் கதையைச் சொல்லும் ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கத்துக்கொடுத்தார். 2024-இல் 87 வயசில் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைச்சது. அதே பக்கம் தேக்கம்பட்டி பாப்பம்மாள் அம்மா நூறு வயசு தாண்டியும் இயற்கை விவசாயம் செஞ்சு, 2021-இல் பத்மஸ்ரீ வாங்கினாங்க. 2024 செப்டம்பரில் காலமானாங்க. மண்வெட்டி பிடிச்ச கிராமத்துப் பெண்ணுக்கும் தேசம் மரியாதை செய்யும் என்பதை அவங்ககிட்டதான் பார்த்தோம்.

நம்ம குழுக்களின் வரலாறும் இங்கே வந்து சேருது. 1989-இல் தருமபுரியில் சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு குழுக்கள் தொடங்கின. 1997-98-இல் மகளிர் திட்டம் வந்தது. வட்டமா உக்காந்து, எந்த சாதியானாலும் ஒரே பாயில், கணவன் இருந்தாலும் இல்லாட்டியும் ஒரே கையெழுத்து என்ற பழக்கம் அதில்தான் வந்தது. 2024 டிசம்பரில் சென்னை மெரினாவில் மகளிர் குழு உணவுத் திருவிழா நடந்தது. நம்ம சமையலுக்குச் சென்னை ஜனம் வரிசையில் நின்னது.

அதனால ஒரு வேண்டுகோள். வர்ற ஐப்பசியில் நம்ம கூட்டமைப்புக் கூட்டத்தோட ஒரு நாள் நோம்பி வைப்போம். ஒவ்வொரு குழுவும் ஒரு சட்டி முளைப்பாலிகையும், கடையில் வாங்காத விதை ஒரு கைப்பிடியும், ஒரு பழைய பலகாரமும் கொண்டு வரணும். விதையை மாத்திக்கலாம், பேரும் எந்த ஊர் விதைன்னும் நோட்டில் எழுதலாம். கும்மிப் பாட்டு தெரிஞ்ச பெரியவங்க பாட, போனில் பதிவு பண்ணலாம். பாலிகை எடுக்க எல்லாப் பெண்களும் வரலாம்னு தீர்மானம் போடணும். சமைக்கிறவங்களுக்கும் தப்பட்டைக்காரங்களுக்கும் முதல் பந்தி போடணும். செலவு பெரிசா ஆகாது.

நம்ம பேத்திகள் நாளைக்கு இந்த மலரைப் படிக்கும்போது, விதையும் பாட்டும் யார்கிட்ட இருந்து வந்ததுன்னு அந்த நோட்டைப் பார்த்துத் தெரிஞ்சுக்கட்டும்.