இலண்டன் வயல்வெளியில் ஒரு செங்கற் போர்

1684-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 10-ஆம் நாள், இலண்டன் மாநகரின் மேற்கு ஓரத்தில் ரெட் லயன் வயல்கள் என்று வழங்கிய வெளியில் ஒரு கைகலப்பு நிகழ்ந்தது. ஒரு பக்கத்தில் நின்றவர்கள் சட்டம் பயின்ற கனவான்கள். ஏறத்தாழ நூறு பேர். மறுபக்கத்தில் நின்றவர்கள் கொத்தர்களும் மண்வெட்டும் கூலியாட்களும். இரு சாராரும் எடுத்த படைக்கலம் செங்கல்லே. வாளும் துப்பாக்கியும் கண்ட வரலாற்று நூல்களில் இப்போருக்கு இடம் மிகக் குறைவு. எனினும், நகரங்கள் பெருகிவரும் இக்காலத்தில் வாழும் மாணவர்கள் அறிய வேண்டிய போர்களுள் இதுவும் ஒன்று. பக்கத்து நிலத்தில் புதுக் குடியிருப்பு எழும்போது, அங்கு முன்பே வாழ்பவர்கள் வண்டிப் பெருக்கத்தையும் புழுதியையும் இரைச்சலையும் எண்ணி எழுப்பும் முறையீடு நேற்றுப் பிறந்ததன்று. அதன் பழைய வடிவங்களுள் ஒன்றை இந்நிகழ்ச்சியில் காண்கிறோம்.

சண்டையின் காரணம் விளங்க வேண்டுமானால் நூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லவேண்டும். 1580-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் எலிசபெத்து அரசியார் ஓர் ஆணை பிறப்பித்தார். இலண்டன் நகர வாயில்களிலிருந்து மூன்று மைல் எல்லைக்குள், முன்பு வீடு இருந்திராத இடத்தில், புதிதாக எவரும் வீடு கட்டலாகாது. ஒரு வீட்டில் ஒரு குடும்பத்திற்கு மேல் குடியேறலாகாது என்பது அதன் சாரம். மக்கள் நெருக்கத்தால் கொள்ளைநோய் பரவும்; உணவுப் பொருள் போதாது; பெருங்கூட்டத்தை ஆளுதல் அரிது என்பவை காட்டப்பட்ட காரணங்கள். 1593-ஆம் ஆண்டில் பாராளுமன்றமும் இதற்கென ஒரு சட்டம் இயற்றியது. அச்சம் பொய்யன்று, 1603-லும் 1625-லும் 1665-லும் கொள்ளைநோய் அந்நகரைச் சூறையாடியது. ஆனால், ஆணை பலித்ததா என்றால், இல்லை. பிழைப்புத் தேடி வருவோரின் ஓட்டம் நிற்கவில்லை. 1600-ஆம் ஆண்டையொட்டி சுமார் 2,00,000 ஆக இருந்த மக்கள் தொகை, 1700-ஆம் ஆண்டையொட்டி சுமார் 5,00,000 ஆயிற்று. வெளியே கட்ட இயலாதபோது பழைய வீடுகளையே அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விட்டார்கள். கொல்லைப்புறங்களிலும் சந்துகளிலும் இரவோடிரவாக மரக் குடிசைகளை எழுப்பினார்கள். எந்த நெருக்கத்தைத் தடுக்க ஆணை பிறந்ததோ, அந்த நெருக்கத்தையே அது வளர்த்தது.

பின்வந்த மன்னர்கள் இத்தடையில் வேறொரு பயனைக் கண்டார்கள். தடையுள்ள இடத்தில் அனுமதிக்கு விலை உண்டல்லவா? பெட்போர்டு பிரபு தமக்குரிய காவெண்ட் கார்டன் நிலத்தில் வீடுகள் கட்ட 1631-ஆம் ஆண்டில் உரிமம் பெற்றார். அதற்காக முதலாம் சார்லசு மன்னருக்கு அவர் செலுத்திய தொகை 2,000 பவுன். ஏழை கட்டினால் இடிப்பு, செல்வர் கட்டினால் கட்டணம் என்னும் நிலை வந்தபின், ஆணைக்கு மதிப்பு ஏது?

வீடுகளோடு வண்டிகளும் பெருகின. அதுவரை இலண்டன் மக்கள் தொலைவான இடங்களுக்குத் தேம்சு ஆற்றில் ஓடக்காரர் உதவியால் சென்றனர். பின்னர் வாடகைக் குதிரை வண்டிகள் தெருக்களை நிறைத்தன. 1635-ஆம் ஆண்டில் சார்லசு மன்னர், நகரிலிருந்து மூன்று மைலுக்கேனும் வெளியே செல்வதானாலன்றி வாடகை வண்டியில் ஏறலாகாது என்று ஆணையிட்டார். தெருக்கள் நெரிகின்றன; கற்பாவிய வழிகள் உடைகின்றன என்பது குறை. இந்த ஆணையும் காற்றில் போயிற்று. 1662-ஆம் ஆண்டுச் சட்டம் 400 வாடகை வண்டிகளுக்கு உரிமம் அளித்தது. 1694-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 700 ஆக்கிற்று. இவற்றோடு நிலக்கரி, சுண்ணாம்பு, மரம், செங்கல் ஆகியவற்றைச் சுமந்த பாரவண்டிகளும், சந்தைக்கு ஓட்டிச் செல்லும் ஆடுமாடுகளும் அதே குறுகிய தெருக்களில் கலந்து சென்றன.

இனி வழக்கறிஞர்களிடம் வருவோம். இலண்டனில் சட்டம் பயில்வோரும் வழக்காடுவோரும் கூடித் தங்கும் பழமையான நிலையங்கள் நான்கு உண்டு: இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், லிங்கன்ஸ் இன், கிரேஸ் இன் என்பன. காந்தியடிகள் சட்டம் பயின்று 1891-ஆம் ஆண்டில் பாரிஸ்டர் ஆனது இன்னர் டெம்பிளில்தான். இவற்றுள் லிங்கன்ஸ் இன், கிரேஸ் இன் ஆகிய இரண்டும் அக்காலத்தில் வயல்களின் விளிம்பில் இருந்தன. கிரேஸ் இன்னின் உலாவுமிடம் புகழ்பெற்றது. அதனை அமைப்பதில் முன்னின்றவர் அறிஞர் பிரான்சிசு பேக்கன். மர வரிசைகளின் இடையே உலாவுவோர், வடக்கே ஹாம்ஸ்டெட், ஹைகேட் குன்றுகள் வரை கண்ணோட்டலாம். மாலை வேளையில் நகரத்துப் பெருமக்கள் தூய காற்றை நாடி அங்கு வருவது வழக்கம்.

முதலில் போராடியவர்கள் லிங்கன்ஸ் இன்னைச் சேர்ந்தவர்கள். 1613-ஆம் ஆண்டில் சர் சார்லசு கார்ன்வாலிசு என்பவர் அவர்களுக்கு அடுத்திருந்த வயலில் ஒரு வீடு கட்ட முற்பட்டபோது, அவர்கள் முறையிட்டுத் தடுத்தனர். 1617-ஆம் ஆண்டில் ஒரு படி மேலே சென்று, அவ்வயலை நடைபாதைகளுள்ள பொதுவெளியாக்க வேண்டும் என்று சுற்றியிருந்தோருடன் சேர்ந்து மன்னருக்கு மனுச் செய்தனர். ‘கட்டாதே’ என்று மட்டும் கூறாமல், ‘இந்நிலம் இன்னவாறு இருக்கவேண்டும்’ என்று எடுத்துரைத்த அந்த மனு என் கருத்தில் மிகவும் சிறந்தது. மன்னர் அமைத்த குழுவில் பேக்கனும், கட்டடக் கலைஞர் இனிகோ ஜோன்சும் இருந்தனர். ஆயினும் பணமின்மையால் திட்டம் ஏட்டளவில் நின்றது. 1638-ஆம் ஆண்டில் வில்லியம் நியூட்டன் என்பவர் 32 வீடுகள் கட்ட உரிமம் பெற்றுவிட்டார். வழக்கறிஞர்கள் மீண்டும் மீண்டும் எதிர்த்தனர். இறுதியில் 1657-ஆம் ஆண்டில் கட்டுவோருக்கும் அவர்களுக்கும் ஓர் உடன்பாடு ஏற்பட்டது: வயலின் ஓரங்களில் வீடுகள் எழலாம், நடுவெளி வெளியாகவே நிற்கவேண்டும்.

1666-ஆம் ஆண்டு செப்டம்பரில் பெருந்தீ மூண்டது. 13,000-க்கு மேற்பட்ட வீடுகளும் 87 கோயில்களும் சாம்பலாயின. மரவீடுகளுக்கு மாற்றாகச் செங்கல்லும் கருங்கல்லுமே பயன்பட வேண்டும் என்று அடுத்த ஆண்டுச் சட்டம் விதித்தது. நகரையொட்டிய வயல்களின் களிமண்ணே செங்கல் ஆயிற்று. வீடு கட்டும் நிலத்தைத் தோண்டி, அதன் அருகிலேயே சூளை வைத்துச் சுடுவர். நிலக்கரிப் புகை நாள்தோறும் வீசும். தோண்டிய பள்ளங்களில் மழைநீர் தேங்கும். வண்டிகள் உழுத பாதை சேறாகும். கட்டடம் முடிந்தபின் வரும் தொல்லையைவிடக் கட்டும் காலத்துத் தொல்லை கொடியது என்பதை அடுத்திருந்தவர் மட்டுமே அறிவர்.

இச்சூழலில் தோன்றியவர் நிக்கோலசு பார்பன். இவர் தந்தையார் ஒரு சமயப் பிரசங்கி. கிராம்வெல் காலத்து 1653-ஆம் ஆண்டுப் பாராளுமன்றத்திற்கு மக்கள் கேலியாக அவர் பெயரையே சூட்டினர். மகனோ ஹாலந்து சென்று மருத்துவப் பட்டம் பெற்றும், மருத்துவத்தை விடுத்து மனைத் தொழிலில் இறங்கினார். பழைய பிரபுக்களின் மாளிகைகளை விலைக்கு வாங்கி இடிப்பார். அந்நிலத்தில் தெருக்களை வகுப்பார். தெருமுகப்பை அடிக்கணக்கில் பிரித்துச் சிறு கட்டட ஒப்பந்தக்காரர்களுக்கு விடுவார். ஒரே அமைப்புள்ள வீடுகள் வரிசையாக எழும். நெருப்புக் காப்பீட்டுத் தொழிலைத் தொடங்கிய முன்னோடிகளுள் ஒருவரும் இவரே. இவரோடு பேரம் பேசிய ரோஜர் நார்த் என்னும் வழக்கறிஞர், இவரது தந்திரத்தைச் சுவைபட எழுதிவைத்துள்ளார். எதிர்ப்பவர்களை ஓரிடத்திற்கு வரச்சொல்லித் தாம் நேரம் கழித்து, அரசவைக்குச் செல்பவர்போல் உடுத்திக்கொண்டு வருவாராம். அவர்கள் கூச்சலிட்டு ஓயும்வரை அமைதியாகக் கேட்பாராம். பிறகு ஒவ்வொருவர்க்கும் உரிய ஆதாயத்தை இனிமையாக எடுத்துரைப்பாராம். வழக்குத் தொடுப்பவர் சிலர் களைத்துப்போவர், சிலர் இணங்கிவிடுவர் என்பது அவர் கணக்கு.

அத்தகையவர் ரெட் லயன் வயல்களை வாங்கினார். சுமார் 17 ஏக்கர் பரப்புடைய அவ்வெளி கிரேஸ் இன் உலாவுமிடத்தின் மேற்கே கிடந்தது. வேலையாட்கள் இறங்கியதும் கிரேஸ் இன் கனவான்கள் தங்கள் காற்றும் காட்சியும் பறிபோவதாகக் கருதித் திரண்டனர். செங்கற்கள் பறந்தன. அந்நாளைய செய்திகளை நாட்குறிப்பாக எழுதிவந்த நார்சிசசு லட்ரெல், முதலில் எறிந்தவர்கள் வேலையாட்களே என்றும், முடிவில் கனவான்கள் அவர்களை ஓட்டிவிட்டு ஓரிருவரைப் பிடித்துச் சென்றனர் என்றும் குறிக்கிறார். இரு பக்கத்திலும் காயமுற்றோர் உண்டு. பார்பன் சளைக்கவில்லை; தம் ஆட்களைத் திரட்டிக்கொண்டு, தொப்பிகளை வீசி ஆரவாரித்து வயலைச் சுற்றி வந்தார் என்பர். நாள்கூலிக்கு வந்து அடிபட்ட அந்த வேலையாட்கள் என்ன நினைத்தார்கள் என்பதை எழுதிவைப்பார் ஒருவரும் இல்லை.

கனவான்களின் சினத்தை நாம் முழுவதும் ஏற்பதற்கில்லை. அந்த வயல் அவர்களுடையதன்று. விலை கொடாமல் நுகர்ந்துவந்த காட்சியை உரிமை என்று அவர்கள் எண்ணினர். தீக்குப் பின் வீடின்றித் தவித்த நகரத்திற்குக் குடியிருப்பு வேண்டியிருந்தது என்பதையும் மறக்கலாகாது. ஆனால், சூளைப் புகையும் பாரவண்டியும் கற்பனையல்ல. புதுத்தெருக்களை வகுத்தவர் அவற்றினின்று பெருகும் வண்டிகளைப் பழைய ஹோபர்ன் தெரு எவ்வாறு தாங்கும் என்று எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. இலாபம் ஒருவர்க்கு, இடர் மற்றவர்க்கு என்ற நிலையில் முறையீடு எழுவது இயல்பே.

களத்தில் வென்ற வழக்கறிஞர்கள் காரியத்தில் தோற்றனர். வீடுகள் எழுந்தன; ரெட் லயன் சதுக்கம் உருவாயிற்று. 1685-ஆம் ஆண்டில் புதுக் கட்டடங்களுக்கு வரி விதிக்கும் முயற்சி எழுந்தபோது, பார்பன் கட்டுவோர் சார்பில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். நகரம் பெருகுவதால் வாணிகம் பெருகும். பழைய வீடுகளின் வாடகை குறையாது, உயரும். நாட்டுப்புற விளைபொருள்களுக்கும் சந்தை விரியும் என்று அதில் வாதாடினார். பொருளியல் அறிஞர்கள் இன்றும் எடுத்துப் பேசும் வாதம் அது. புழுதியைப் பற்றியும் வண்டியைப் பற்றியும் கேட்டவர்களுக்கு அதில் விடையில்லை. 1698-ஆம் ஆண்டில் இறக்கும்போது, தம் கடன்களை அடைக்க வேண்டா என்று இறுதி முறியில் எழுதிவைத்தாராம் அவர்.

பிறகு நடந்தது வேடிக்கையானது. ரெட் லயன் சதுக்கத்தில் குடியேறியவர்கள், அதன் நடுவெளியில் குப்பை சேர்வதையும் அயலார் புழங்குவதையும் பொறாமல், 1737-ஆம் ஆண்டில் பாராளுமன்றத்தை அணுகி, அதனை வேலியிட்டுக் காவல் வைக்கச் சட்டம் பெற்றார்கள். வந்தேறிய குடிகள் பழங்குடிகள் ஆகிவிட்டனர்!

வண்டிகளுக்குத் தனி வழி வேண்டும் என்ற எண்ணம் பதினெட்டாம் நூற்றாண்டில்தான் செயலுற்றது. ஸ்மித்பீல்டு சந்தைக்கு மாடுகளை ஆக்சுபோர்டுத் தெரு வழியாகவும் ஹோபர்ன் வழியாகவும் ஓட்டுவதைத் தவிர்க்க, நகருக்கு வடக்கே வயல்களின் ஊடே 1756-ஆம் ஆண்டுச் சட்டப்படி ‘புதுச்சாலை’ அமைந்தது. புழுதி தம் மாளிகைவரை வரும் என்று அந்நாளைய பெட்போர்டு பிரபு எதிர்த்தார். சாலையின் இருமருங்கும் 50 அடிக்குள் எவரும் கட்டடம் எழுப்பலாகாது என்ற விதி சட்டத்திலேயே சேர்ந்தது. கட்டடம் எழுந்தபின் வழி தேடாமல், வழியை முன்பே வகுத்துக் கட்டடத்தைத் தள்ளி நிறுத்திய அறிவுடைய ஏற்பாடு இது. மாரில்போன் சாலை, யூஸ்டன் சாலை, பென்டன்வில் சாலை என்று இன்று பெயர் பெற்றிருப்பது அப்புதுச்சாலையே.

அப்பிரபுவின் வழிவந்தோர் புளூம்சுபரிப் பகுதியில் வீடுகள் கட்டுவித்தபோது, தெருக்களின் குறுக்கே கதவுகளை இட்டுக் காவலரை நிறுத்தி, பாரவண்டிகளையும் பொது வண்டிகளையும் தடுத்தனர். உள்ளே வாழ்ந்தோர்க்கு அமைதி. வெளியே வாழ்ந்தோர்க்கு இருமடங்கு நெரிசல். 1837-ஆம் ஆண்டில் யூஸ்டனிலும் 1852-ஆம் ஆண்டில் கிங்ஸ் கிராசிலும் இரயில் நிலையங்கள் தோன்றியபின் இத்தொல்லை பொறுக்க முடியாததாயிற்று. 1890, 1893-ஆம் ஆண்டுகளில் இயற்றிய சட்டங்களால் அக்கதவுகள் அகற்றப்பட்டன.

கிரேஸ் இன் உலாவுமிடம் இன்றும் பசுமையாக உள்ளது. குன்றுகள் இருந்த திசையில் கட்டடங்களே தெரிகின்றன. லிங்கன்ஸ் இன் வயலின் நடுவெளியோ உடன்பாட்டின்படி நின்றது. ஆயினும், நெடுங்காலம் அது சுற்றியிருந்தோர்க்கு மட்டும் திறந்த தோட்டமாக இருந்தது. 1617-ஆம் ஆண்டு மனுவில் கேட்ட நடைபாதைகளில் இலண்டன் பொதுமக்கள் தடையின்றி நடந்தது, மாநகர ஆட்சிமன்றம் அதனைப் பெற்றுத் திறந்துவிட்ட 1895-ஆம் ஆண்டில்தான்.