நிலமே பெட்டகம்

பயிர்வகைகளைக் காப்பது என்றதும் விதை வங்கிகளே நம் நினைவுக்கு வருகின்றன. நெல்லுக்கும் கோதுமைக்கும் அது போதும், ஆப்பிளுக்குப் போதாது. ஆப்பிள் விதையிலிருந்து எழும் மரம் தாய்மரத்தின் கனியை அப்படியே தருவதில்லை. ஒரு வகை நிலைக்க வேண்டுமெனில் அதை ஒட்டுக்கட்டி, பெரும்பாலும் மரமாகவே வளர்த்து வரவேண்டும். ஆகவே கனிகளின் வங்கி என்பது ஒரு தோட்டம்.

ருஷ்யாவின் லெனின்கிராடு நகருக்கருகே பாவ்லோவ்ஸ்கில் 1926இல் அத்தகைய தோட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. அதற்கு வித்திட்டவர் தாவரவியலாளர் நிகோலாய் வவிலோவ். 1929இல் அல்மாட்டியின் மலைச்சரிவுகளில் காட்டு ஆப்பிள் வனங்களைக் கண்டு, அக்கனியின் தாயகம் அதுவே என்று உணர்ந்தவர் அவர். 1940இல் ஸ்டாலின் அரசு அவரைக் கைதுசெய்தது; 1943இல் சரத்தோவ் சிறையில் உயிர்நீத்தார். அதே போர்க்காலத்தில் ஜெர்மானியர் முற்றுகையிட்ட லெனின்கிராடில், அவருடைய சகாக்கள் சேமிப்பிலிருந்த தானியங்களைத் தொடாமல் காத்தனர். சிலர் பட்டினியால் மாண்டனர்.

2010இல் பாவ்லோவ்ஸ்க் தோட்ட நிலத்தை வீட்டுமனைகளாக்க முயற்சி நடந்தது. ஸ்ட்ராபெரி, ராஸ்பெரி, செர்ரி, ஆப்பிள் என ஆயிரக்கணக்கான வகைகள் அங்கே வேரூன்றி நின்றன. அவற்றை வேறிடத்தில் உருவாக்கப் பல ஆண்டுகள் வேண்டும். உலக அறிவியலாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். 2012இல் ருஷ்ய அரசு நிலக் கைமாற்றத்தைத் தடுத்தது.

விதைகளைத் தம் பசியிடமிருந்து காத்தார்கள் அன்றைய மனிதர்கள். தோட்டங்களையோ நிலத்தின் விலையிடமிருந்து காக்க வேண்டியிருக்கிறது.