'சும்மா ஒரு கருத்துதானே சொன்னேன்': எது உரிமை, எது வழக்கு? பாலக்காடு, இடுக்கி சம்பவங்கள் சொல்வது என்ன?

கோவையில் ரயில் ஏறி வாளையார் தாண்டுவதற்குள் எத்தனை பதிவுகள் உங்கள் கண்ணில் பட்டிருக்கும்? நேற்று வந்த படம் மொக்கை என்று ஒருவர். கல்யாணமே வேண்டாம் என்று இன்னொருவர். தொகுதிப் பக்கமே வராத எம்.எல்.ஏ.வைத் திட்டி ஒரு மீம். நடுவில் முல்லைப் பெரியாறு பற்றி ஒரு மலையாள வீடியோ, அதன் கீழே தமிழில் வரிசையாகச் சண்டை. நீங்களும் ஒரு வரி தட்டிவிட்டு போனைப் பையில் போட்டிருப்பீர்கள்.

இப்படிப் போடும் கருத்துகளில் பெரும்பாலானவற்றால் யாருக்கும் எதுவும் ஆவதில்லை. ஆனால் சில மட்டும் போலீஸ் வழக்காகிறது, சில எல்லை ஊர்களில் பதற்றமாகிறது. எது எப்படி மாறுகிறது? பாலக்காடும் இடுக்கியும் இதைப் புரிந்துகொள்ள நல்ல இடங்கள். தமிழும் மலையாளமும் அங்கே ஒரே தெருவில் புழங்குகின்றன. சென்னையிலோ பெங்களூருவிலோ உட்கார்ந்து நீங்கள் போடும் ஒரு வரியின் விளைவு, அங்கே இருப்பவர் வாசலில் போய் நிற்கிறது.

யானை இறந்தது எந்த மாவட்டத்தில்?

2020 மே 27. பாலக்காடு மாவட்டம் மண்ணார்க்காடு வனப்பகுதியில், வெள்ளியாற்றில் நின்றபடியே ஒரு கர்ப்பிணி யானை இறந்தது. வெடி வைத்த காயைக் கடித்ததில் வாய் சிதைந்து, நாள்கணக்கில் எதுவும் சாப்பிட முடியாமல் போயிருந்தது. மீட்புக் குழுவில் இருந்த வன அதிகாரி ஒருவர் உருக்கமாக ஃபேஸ்புக்கில் எழுதிய பிறகுதான் விஷயம் நாடு முழுக்கத் தெரிந்தது.

கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபம் இரண்டு நாளில் வேறு திசைக்குப் போனது. சம்பவம் பாலக்காட்டில் நடந்தது. பதிவுகளில் ஊர் மலப்புரம் ஆனது. மலப்புரத்தில் முஸ்லிம்கள் பெரும்பான்மை என்பதால், யானைக்கான இரங்கல் ஒரு சமூகத்தின் மீதான வசையாக மாறியது. முன்னாள் மத்திய அமைச்சர் மேனகா காந்தியும் மலப்புரத்தைச் சாடிப் பேசினார். அவர் மீது மலப்புரம் போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. அன்னாசிப்பழத்தில் வெடி வைத்தார்கள் என்றுதான் முதலில் பரவியது. காட்டுப்பன்றிக்கு வைத்த வெடித் தேங்காயாக இருக்கலாம் என்றது பிந்தைய விசாரணை.

'இது கொடூரம்' என்பது கருத்து. 'இதை மலப்புரத்துக்காரங்க செஞ்சாங்க' என்பது தகவல், அதுவும் தப்பான தகவல். இரண்டும் ஒரே பதிவில் ஒட்டிக்கொண்டு வரும்போது நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை. சட்டம் முதலில் பார்ப்பது இந்த வித்தியாசத்தைத்தான்.

அணை பற்றிய ஒரு வரி குமுளியில் என்ன செய்யும்?

முல்லைப் பெரியாறு அணை 1895-ல் கட்டி முடிக்கப்பட்டது. இருப்பது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். 1886-ல் போடப்பட்ட 999 ஆண்டு குத்தகைப்படி அதை இயக்குவது தமிழ்நாடு. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களுக்கு இந்தத் தண்ணீர் வேண்டும். அணைக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும். நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்தலாம் என்று 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் ஒவ்வொரு பெருமழையிலும் பேச்சு மறுபடி தொடங்கிவிடுகிறது.

2021 அக்டோபரில் அணையைச் செயலிழக்கச் செய்ய வேண்டும் என்ற ஹேஷ்டேக் கேரளத்தில் டிரெண்ட் ஆனது. நடிகர் பிருத்விராஜும் அப்படியே பதிவிட்டார். தேனியில் அவர் உருவபொம்மை எரிக்கப்பட்டது. அணை குறித்து ஆதாரமில்லாமல் பீதி கிளப்புவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று முதல்வர் பினராயி விஜயன் கேரள சட்டமன்றத்திலேயே எச்சரித்தார். 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகும், 2025 மார்ச்சில் 'எம்புரான்' வெளியான பிறகும் இதே அணைப் பேச்சு திரும்ப வந்தது.

கமென்டில் முடிந்தால் பரவாயில்லை. 2011 டிசம்பரில் என்ன நடந்தது என்று கம்பத்திலோ குமுளியிலோ கேட்டுப் பாருங்கள். அப்போது வாட்ஸ்அப் இன்றுபோல எல்லார் கையிலும் இல்லை. ஆனாலும் வதந்தியும் ஆத்திரமும் சேர்ந்து இரு பக்கமும் கடைகள் தாக்கப்பட்டன, தடை உத்தரவு போடப்பட்டது, கம்பம்–குமுளி சாலையில் போக்குவரத்து நின்றது. காலையில் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் தேனி மாவட்டப் பெண்களுக்கு அன்றைய கூலி போனது. தண்ணீர்ப் பிரச்சினையை உண்டாக்கியதும் அவர்கள் இல்லை, தீர்க்க முடிந்தவர்களும் அவர்கள் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அணைக்குக் கீழே முதலில் வரும் ஊர்களில் ஒன்று வண்டிப்பெரியாறு. அங்கே தேயிலைத் தோட்ட லயங்களில் தலைமுறைகளாக வாழ்பவர்களில் ஏராளமானோர் தமிழர்கள். 'உடைஞ்சா உடையட்டும், அவங்களுக்குத்தானே' என்று தமிழில் ஒருவர் எழுதும்போது, அந்த 'அவங்க'ளில் நம்ம ஆட்களும் இருக்கிறார்கள்.

அப்போ கருத்தே சொல்லக் கூடாதா?

அப்படி இல்லை. பெட்டிமுடியை நினைத்துப் பாருங்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து தேயிலைத் தோட்ட லயங்கள் புதைந்தன. 70 பேர் பலியானார்கள், சிலரது உடல்கூடக் கிடைக்கவில்லை. பெரும்பாலானோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். மறுநாள் கரிப்பூரில் விமான விபத்து. அதில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு மாநில அரசு அறிவித்தது 10 லட்சம் ரூபாய், பெட்டிமுடிக்கு 5 லட்சம்.

'தோட்டத் தொழிலாளி உயிருக்குப் பாதி விலையா?' என்ற கேள்வி சமூக வலைதளங்களில் கடுமையாக எழுந்தது. அறிவித்தது முதல்கட்ட உதவி மட்டுமே என்று அரசு விளக்கம் தர வேண்டியிருந்தது. ஆகஸ்ட் 13-ல் முதல்வரும் ஆளுநரும் நேரில் வந்தார்கள். வீடு கட்டித் தரப்படும் என்று முதல்வர் அறிவித்தார்.

இதுவும் சாதாரண மக்கள் போனில் தட்டிய கருத்துதான், கடுமையான கருத்துதான். ஆனால் அதற்கு அடியில் இருந்த 10, 5 என்ற இரண்டு எண்களும் அரசே அறிவித்தவை. கேள்வி அதிகாரத்தை நோக்கிப் போனது. இப்படிப்பட்ட பேச்சுக்குத்தான் அரசியல் சாசனத்தின் 19(1)(ஏ) பிரிவு காவல் நிற்கிறது.

கேரளத்தில் விழுந்த இரண்டு சட்டங்கள்

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24-ல் ரத்து செய்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஸ்ரேயா சிங்கால் வழக்கு. அதே தீர்ப்பில் கேரள போலீஸ் சட்டத்தின் 118(டி) பிரிவும் ரத்தானது என்பது பலருக்குத் தெரியாது. யாருக்காவது எரிச்சல் ஏற்படும்படி கருத்துச் சொன்னாலோ மெசேஜ் அனுப்பினாலோ மூன்று ஆண்டு வரை சிறை என்றது அந்தப் பிரிவு. எரிச்சல் என்பதற்கு எல்லை ஏது? உங்கள் ஸ்டேட்டஸ் உங்கள் மாமாவுக்கே எரிச்சலாக இருக்கலாம்.

பேச்சை மூன்றாகப் பிரித்தது அந்தத் தீர்ப்பு: விவாதிப்பது, ஒன்றை ஆதரித்து வாதாடுவது, தூண்டிவிடுவது. முதல் இரண்டும், மற்றவர்களுக்கு எவ்வளவு கசந்தாலும், உரிமை. மூன்றாவது கட்டத்தில்தான் சட்டம் தலையிட முடியும்.

2020 நவம்பரில் கேரள அரசு 118ஏ என்று ஒரு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. பெண்கள் மீதான இணைய வசவைத் தடுக்கத்தான் என்றார்கள். ஆனால் எந்த ஊடகத்தில் எதைச் சொன்னாலும் பாயும் அளவுக்கு அதன் வாசகம் அகலமாக இருந்தது. நவம்பர் 21-ல் ஆளுநர் கையெழுத்திட்டார். எதிர்ப்பு கிளம்பியதும் 23-ஆம் தேதி 'அமல்படுத்தப் போவதில்லை' என்றார் முதல்வர். அந்த வாரத்துக்குள்ளேயே அது திரும்பப் பெறப்பட்டது.

இப்போது எந்தப் பிரிவுகளைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்?

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. அன்றாடப் பதிவுகளுக்கு இந்த மூன்று முக்கியம்.

பிரிவு 356, அவதூறு: ஒருவரின் பெயரைக் கெடுக்கும் குற்றச்சாட்டு. 2 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. பொதுநலனுக்காகச் சொன்ன உண்மை, அரசு ஊழியரின் பணி பற்றி நல்லெண்ணத்தில் சொன்ன கருத்து ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு.

பிரிவு 196: மதம், இனம், மொழி, பிறந்த இடம், வசிக்கும் இடம் போன்றவற்றின் பெயரில் பகை வளர்ப்பது. 3 ஆண்டு வரை சிறை. 'மலையாளிங்க எல்லாம்...', 'பாண்டிக்காரங்க எல்லாம்...' என்று தொடங்கும் வாக்கியங்கள் எங்கே போய் முடிகின்றன என்பதைப் பொறுத்து இந்தப் பிரிவு வரலாம்.

பிரிவு 353: பொதுமக்களிடம் பீதியோ பகையோ உண்டாக்கும் பொய்த் தகவல், வதந்தி. இணைய வழியும் இதில் அடக்கம். உண்மை என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, கெட்ட நோக்கம் இல்லாமல் சொன்னால் விலக்கு. 'அணையில் விரிசல், இன்னிக்கு ராத்திரி உடையுது, எல்லாருக்கும் ஷேர் பண்ணுங்க' என்ற ஆடியோவை விசாரிக்காமல் தள்ளிவிட்டால், நியாயமான காரணம் இருந்தது என்று பிறகு சொல்வது கஷ்டம்.

உங்களுக்குச் சாதகமான ஒரு தீர்ப்பும் உண்டு. இம்ரான் பிரதாப்கடி வழக்கில் 2025 மார்ச் 28-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: பேச்சு தொடர்பான புகார்களில், 3 முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள பிரிவுகள் என்றால், போலீஸ் முதலில் பூர்வாங்க விசாரணை நடத்துவது பொருத்தம். எதையும் ஆபத்தாகவே பார்ப்பவரின் கண்ணால் வார்த்தைகளை எடைபோடக் கூடாது, திடமான மனம் கொண்டவரின் கண்ணால் பார்க்க வேண்டும்.

நான் எழுதல, ஃபார்வர்ட்தான் பண்ணினேன். தப்பா?

ஆகலாம். பெண் பத்திரிகையாளர்களைப் பற்றி மோசமான ஒரு பதிவை 2018-ல் ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார் நடிகர் எஸ்.வி.சேகர். 'படிக்காமல் பகிர்ந்துவிட்டேன்' என்ற விளக்கம் எடுபடவில்லை. 2024 பிப்ரவரியில் சென்னை சிறப்பு நீதிமன்றம் அவருக்கு ஒரு மாதச் சிறைத் தண்டனை விதித்தது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது.

குரூப் அட்மின்களுக்குக் கொஞ்சம் ஆறுதல். உறுப்பினர் போட்ட பதிவுக்கு அட்மின் என்பதற்காக மட்டும் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் சொன்னது.

எந்த ஊர் போலீஸ் கூப்பிடும்?

எழுதிய இடம் மட்டும் கணக்கில்லை, விளைவு ஏற்பட்ட இடத்திலும் வழக்கு நடக்கலாம். கம்பத்தில் இருந்து போட்ட பதிவுக்கு இடுக்கியில் வழக்கு வரலாம், பாலக்காட்டில் இருந்து போட்டதற்குக் கோவையில் வரலாம். பதிவுக்குச் செக்போஸ்ட் கிடையாது. பிறகு வாய்தாவுக்கு அலைபவர் நீங்கள்தான்.

சினிமா, காதல், ஆபீஸ்?

படம் பிடிக்கவில்லை என்று சொல்வது உங்கள் உரிமை. பொதுப் படைப்பின் தரம் பற்றி நல்லெண்ணத்தில் சொல்லும் கருத்துக்கு அவதூறுச் சட்டமே விலக்கு தருகிறது. ஆனால் காசு வாங்கிக்கொண்டோ, காசு பறிக்கவோ படத்தை அடித்தால் அது விமர்சனம் ஆகாது. 2023 அக்டோபரில் ஒரு மலையாளப் படத்துக்கு எதிரான திட்டமிட்ட விமர்சனங்கள் பற்றிய புகாரில் கொச்சி போலீஸ் வழக்கே பதிந்தது.

பிரேக்-அப் ஆனதைப் பற்றி எழுதலாம், புலம்பலாம். எதிராளியின் பெயர், நம்பர், சாட் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றைப் போடும்போது அது உங்கள் கதையாக மட்டும் இருப்பதில்லை. சம்மதமில்லாமல் அந்தரங்கப் படத்தை வெளியிட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு.

ஆபீஸ் விஷயம் தனி. 19(1)(ஏ) பெரும்பாலும் அரசிடமிருந்துதான் உங்களைக் காக்கும். தனியார் நிறுவனத்துக்கு அதன் சொந்த சமூக ஊடக விதிகள் இருக்கும். வேலையில் சேரும்போது படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால், இன்றைக்காவது ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள்.

போஸ்ட் பட்டனுக்கு முன்னால்...

மூன்று கேள்வி போதும். நான் சொல்வது கருத்தா, தகவலா? தகவல் என்றால் எனக்கு எப்படித் தெரியும்? இது அதிகாரத்தில் இருப்பவரைக் கேள்வி கேட்கிறதா, இல்லை ஒரு ஊரையோ மொழியையோ மொத்தமாகக் குற்றம் சாட்டுகிறதா?

முதல் வகை என்றால் தைரியமாகப் போடுங்கள், பெட்டிமுடிக்கு அது தேவைப்பட்டது. இரண்டாவது வகை என்றால் விரலைக் கொஞ்சம் நிறுத்துங்கள். நாளைக் காலை ஐந்து மணிக்குக் கம்பத்தில் ஜீப் ஏறி மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள், அந்திக்குள் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும்.