சீனத்து மாப்பிள்ளைத் தோழன்

மணமகள் இல்லத்து வாயிலில் மணமகன் வந்து நிற்கிறான். கையிலே மலர்ச்செண்டு, முகத்திலே மலர்ச்சி. ஆனால் கதவோ சாத்தப்பட்டிருக்கிறது! உள்ளே மணப்பெண்ணின் தோழியர் தாழிட்டுக்கொண்டு நகைக்கின்றனர். திற என்றால் திறக்க மாட்டார்கள். திறப்பதற்கு விலை கேட்கிறார்கள். மணமகன் வாய் திறக்குமுன் அவனை ஒதுக்கிவிட்டு முன்வருகிறான் ஓர் இளைஞன். பேரம் பேசுகிறான். பணிகிறான், பாடுகிறான், ஆடு என்றால் ஆடுகிறான். தட்டிலே வைத்து நீட்டப்படும் எலுமிச்சையைக் கடிக்கிறான், பாகற்காயை மெல்லுகிறான், மிளகாயை விழுங்குகிறான், இறுதியில் ஓர் இனிப்பைப் பெறுகிறான். புளிப்பும் கசப்பும் காரமும் இனிப்பும் இல்வாழ்விலே வரும், அத்தனையும் ஏற்பேன் என்று மணமகன் மெய்ப்பிக்க வேண்டுமாம். மெய்ப்பிப்பவன் அவன், வாய் வெந்து போவது நண்பனுக்கு!

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஆங்காங்கிலும் சீனர் இல்லத் திருமணங்களில் இன்றும் காலைப் பொழுதில் காணக்கூடிய காட்சி இது. அந்த இளைஞன்தான் மாப்பிள்ளைத் தோழன். சீன மொழியில் 'பான்லாங்' என்பர். உடன் நிற்கும் ஆடவன் என்பது பொருள். கதவைத் திறக்க அவன் கொடுப்பது, மலேசியத் தமிழரும் 'அங்பாவ்' என்றே வழங்கும் சிவப்பு உறை. உள்ளே வைக்கும் தொகையில் ஒன்பதுகள் அடுக்கி வருவது விரும்பப்படும். ஒன்பது என்னும் சொல்லும் நெடுங்காலம் என்னும் சொல்லும் அவர்கள் மொழியில் ஒரே ஒலியுடையவை. ஒலி ஒத்தால் வாழ்வு நீளும் என்ற நம்பிக்கை எந்த நாட்டுக்குத்தான் புதிது?

கதவைக் கடந்த பின்னும் அவன் வேலை ஓய்வதில்லை. மணமக்கள் மண்டியிட்டுப் பெரியோர்க்குத் தேநீர்க் கோப்பையை இரு கைகளாலும் நீட்டுவர். பெரியோர் பருகிவிட்டுத் தரும் உறைகளைப் பத்திரப்படுத்துவது தோழர் கூட்டத்தின் பொறுப்பு. இரவில் விருந்து. 'யாம் செங்' என்று மூச்சுள்ள மட்டும் நீட்டி முழங்கிக் கோப்பையைக் காலி செய்வது அங்கே வழக்கம். மேசைக்கு மேசை மணமகனுக்குக் கோப்பை நீட்டப்படும். அவன் தள்ளாடத் தொடங்குமுன் கோப்பையைத் தான் வாங்கிப் பருகியாக வேண்டியவன் தோழன்.

வேடிக்கை என்று சிரித்துவிட்டு நாம் போய்விடலாம். ஆயினும் ஒரு கேள்வி நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. மணமகனுக்குக் காவல் எதற்கு? தன் திருமணத்துக்குத் தானே செல்பவனை அங்கே யார் தாக்கப் போகிறார்கள்?

சீனத்து ஏடுகளைப் புரட்டினால் விடை கிடைக்கிறது. கிடைக்கும் விடை வேடிக்கையாக இல்லை. ஹான் பேரரசின் காலம். ருநான் என்னும் பகுதியில் தூ ஷி என்பவன் வீட்டில் திருமணம். விருந்துக்கு வந்தவன் சாங் மியாவ். மது உள்ளே போயிற்று, விளையாட்டு வெளியே வந்தது. சாங் மியாவ், தூ ஷியைக் கயிற்றால் கட்டினான். இருபது அடி அடித்தான். பிறகு கால் விரலிலே கயிறிட்டுத் தொங்கவிட்டான். தூ ஷி இறந்துபோனான்! வழக்கு பாவ் யூ என்னும் நீதிபதியிடம் சென்றது. மதுவுண்டு ஆடிய விளையாட்டு, கொல்லும் எண்ணம் உள்ளத்தில் இருந்ததில்லை, ஆகவே மரண தண்டனையைக் குறைக்கலாம் என்று அவர் தீர்ப்பளித்தார். இது முதல் நூற்றாண்டில் நடந்தது. மக்கள் வழக்கங்களைத் தொகுத்து எழுதிய யிங் ஷாவ் என்னும் அறிஞர், அடுத்த நூற்றாண்டின் இறுதியில் இதைக் குறித்து வைத்தார். இல்லையேல் தூ ஷியின் பெயரே நமக்குத் தெரிந்திராது.

அவன் ஒருவன் மட்டும் அகப்பட்டுக்கொண்ட தனி நிகழ்ச்சி என்று எண்ண இடமில்லை. கி.பி. 220-இல் மறைந்த சோங்சாங் தோங் என்னும் சிந்தனையாளர், திருமணக் கூட்டங்களில் தடியால் அடித்துக் கேலியைத் தூண்டுவதையும், மதுவை ஊற்றி இச்சையைத் தூண்டுவதையும், பலர் நடுவே ஆபாசத்தைப் பரப்புவதையும் கடிந்து, இதைவிடக் கேடான வழக்கம் வேறில்லை, ஒழித்தே தீரவேண்டும் என்று எழுதினார். நூறாண்டுக்குப் பின் கோ ஹோங் எழுதுகிறார்: உறவினர் முன்னிலையில் மணப்பெண்ணிடம் கூசும் கேள்விகளைக் கேட்கிறார்கள், விடை சொல்லத் தயங்கினால் அடிக்கிறார்கள், காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடுகிறார்கள், குடிவெறியில் எலும்பு முறிவதும் உண்டு. மணமகனாவது வாய்விட்டுக் கத்தலாம். புதுமனை புகுந்த பெண்ணோ சினங்கொள்ளவும் கூடாது. மூன்று நாள் பெரியவர் சிறியவர் என்ற வேறுபாடு இல்லை என்னும் பழமொழியைக் காட்டி, எவனும் எதுவும் பேசலாம் என்று வைத்துக்கொண்டார்கள்.

இதைத்தான் முன்னோர் மரபு என்பர் சிலர். எந்த முன்னோர்? சீனத்தின் தொன்மையான சடங்கு நூல்கள் கூறும் திருமணத்தைப் பாருங்கள். மாலை மங்கும் நேரத்தில் மணமகன் புறப்படுகிறான். கருநிறத் தேர், பின்னே இரண்டு வண்டிகள். கரிய உடையணிந்த துணைவர் சிலர் குதிரைகளுக்கு முன்னே தீவட்டி பிடித்துச் செல்கின்றனர். அந்தத் தீவட்டிக்காரர்களை நம் மாப்பிள்ளைத் தோழனுக்கு மூத்தோர் எனக் கொள்ளலாம். அவர்களுக்குப் பேச்சில்லை, பேரமில்லை. மணமகன் ஒரு வாத்தைக் காணிக்கையாக வைக்கிறான். மணப்பெண்ணின் வண்டியைச் சக்கரம் மூன்று சுற்றுச் சுற்றும் வரை தானே ஓட்டிவிட்டு, முன்னே சென்று தன் வாயிலில் காத்திருக்கிறான். இசை கிடையாது. வாழ்த்துச் சொல்லும் வழக்கமும் கிடையாது. பெண்ணை அனுப்பிய வீட்டில் மூன்று இரவு விளக்கணைப்பதில்லை. பிரிவை நினைத்து விழித்திருப்பார்களாம். கூச்சலுக்கும் கயிற்றுக்கும் தடிக்கும் அந்நூல்களில் இடமே இல்லை!

அதற்காக அந்நூல்களைத் தலைமேல் தூக்கிவைத்துக் கொண்டாட நாம் வரவில்லை. திருமணம் எதற்கு என்று அவை கூறுகின்றன: இரு குடும்பங்களை இணைக்க, மூதாதையர் கோயிலில் தொண்டு செய்ய, வழித்தோன்றலைப் பெற. இரண்டு மனித உள்ளங்களைப் பற்றி அங்கே பேச்சில்லை. புறப்படும் மகனிடம் தந்தை சொல்வதும், மூதாதையர் பணியைத் தொடர உனக்கொரு துணையை அழைத்து வா என்பதே. ஆளைத் தேர்ந்தது தரகர், முடிவு செய்தது பெற்றோர். நண்பனுக்கு அங்கு என்ன வேலை? தீவட்டி பிடிக்கும் வேலைதான்.

அந்த நண்பனுக்கு வாய் முளைத்த காலம் ஒன்று உண்டு. சீன வரலாற்றில் நாம் விரும்பிப் படிக்கும் பக்கம் அது. தாங் பேரரசின் காலத்தில், மணமகன் தரப்பினர் பெண் வீட்டு வாயிலில் கவிதை சொல்லியாக வேண்டும். ஒப்பனை முடித்து வெளியே வா என்று அழைக்க ஒரு பாட்டு; முகத்தை மறைத்திருக்கும் விசிறியை விலக்க இன்னொரு பாட்டு. மணமகனுக்குக் கவி வராவிட்டால்? 'பின்சியாங்' என்னும் துணைவன் பாடுவான். வட சீனத்தில் பெண் வீட்டு மகளிர் கூடி மாப்பிள்ளையைத் தடியால் அடித்து விளையாடியதையும், அடிபட்டவன் சோர்ந்து விழுந்ததையும் ஒன்பதாம் நூற்றாண்டில் துவான் செங்ஷி எழுதி வைத்தார். தடி போன வழியிலேதான் கவிதையும் போயிற்று. துன்ஹுவாங் குகையில் மூடிக்கிடந்த ஏட்டு அறை 1900-இல் திறக்கப்பட்டபோது வெளிவந்த சுவடிகளில், இந்த வாயில் உரையாடலும் இருந்தது. இரவிலே வந்து நிற்பவர் யார், எந்த ஊர், என்ன காரியம் என்று பெண் தரப்பு வினவ, மாப்பிள்ளை தரப்பு விடையிறுக்கிறது. இன்று சிங்கப்பூரில் அடுக்குமாடிக் குடியிருப்பின் கதவுக்கு வெளியே நடக்கும் பேரத்துக்கும் இதற்கும் ஆயிரம் ஆண்டு இடைவெளி. ஆனாலும் முகச்சாயல் தெரிகிறது.

ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யுன்ஆன் இளவரசிக்குத் திருமணம் நடந்தது. துணைவனாக அமர்த்தப்பட்டவன் லூ சாங் என்னும் புலவன். ஒப்பனைப் பாட்டு பாடு என்று அரச ஆணை, பாடினான். அரண்மனை மகளிர் அவனை வம்புக்கு இழுத்தனர். சட்சட்டென்று விடை சொன்னான். அவன் தெற்கே வூ நாட்டுக்காரன். பேச்சிலே ஊர் வாடை வீசியது. அந்த உச்சரிப்பைக் கேலி செய்து ஒரு பாட்டு விட்டனர். அவனும் பாட்டாலேயே திருப்பிக் கொடுத்தான். அடிப்பதற்குக் கை நீண்டிருந்த வாயிலில் சொல்லுக்குச் சொல் எதிர்நின்றது. பெண்கள் கேட்டார்கள், ஆண் விடை சொன்னான், யாரும் தொங்கவிடப்படவில்லை.

பிந்திய நூற்றாண்டுகளில் இந்தப் புலமையும் மங்கியது. பாதம் கட்டப்பட்ட பெண் மூடு பல்லக்கில் வந்தாள். துணைவன் வேலை, வானுக்கும் மண்ணுக்கும் வணங்கு, பெற்றோருக்கு வணங்கு என்று குரல் கொடுப்பதாகச் சுருங்கிற்று. முக்காடு நீங்கும்போதே கணவன் முகத்தை முதன்முதலாகக் காண்பவள் கோடிக்கணக்கானவர்களில் ஒருத்தி. 1919 நவம்பர் 14-ஆம் நாள் சாங்ஷா நகரில் சாவ் ஊசென் என்னும் இளம்பெண், தனக்கு விருப்பமில்லாத திருமணத்துக்குச் சுமந்து செல்லப்பட்ட பல்லக்கிலேயே, மறைத்து வைத்திருந்த சவரக்கத்தியால் கழுத்தை அறுத்துக்கொண்டு மாண்டாள். வெளியே மேளம், உள்ளே குருதி! அந்த ஊர்வலத்தில் அவளுக்கென்று பேச ஒரு தோழன் இருந்தானா, தோழி இருந்தாளா? அப்போது இருபத்தைந்து வயதுப் பத்திரிகை எழுத்தாளராயிருந்த மா சே துங், இந்தச் சாவுக்குப் பொறுப்பு சமுதாயமே என்று அடுக்கடுக்காகக் கட்டுரைகள் எழுதினார்.

அதற்கு முன்பே ஒருவர் தம் திருமணத்திலேயே மாற்றத்தைத் தொடங்கியிருந்தார். அவர் சாய் யுவான்பெய்; பேரரசின் உயர்ந்த கல்விக்கழகத்தில் இடம்பெற்றவர், பின்னாளில் சீனக் குடியரசின் முதல் கல்வி அமைச்சர், பீக்கிங் பல்கலைக்கழகத் தலைவர். 1900-இல் மனைவியை இழந்தார். பெண் தர வந்தவர்களிடம் ஐந்து நிபந்தனைகளை வைத்தார்: பாதம் கட்டாதவளாக இருக்க வேண்டும், எழுத்தறிந்தவளாக இருக்க வேண்டும், கணவன் வேறு பெண்ணைச் சேர்க்கக் கூடாது, கணவன் இறந்தால் மனைவி மறுமணம் செய்துகொள்ளலாம், மனம் ஒவ்வாவிட்டால் பிரியலாம். தரகர்கள் வந்த வழியே திரும்பியிருப்பார்கள் என்பதை நாம் ஊகிக்கலாம்! 1902-ஆம் ஆண்டு முதல் நாள் ஹாங்சோவில் ஹுவாங் சோங்யூ அம்மையாரை மணந்தார். மங்கலத் தெய்வங்கள் மூவரின் படத்தை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் கன்பூசியசின் பெயரை மாட்டினார். தெய்வத்தை இறக்கியவரும் அந்தச் சுவரை வெறுமனே விடத் துணியவில்லை; அவ்வளவுதான் அன்று முடிந்தது. ஆனால் மணவறையில் புகுந்து பெண்ணைச் சீண்டும் வழக்கத்தை அடியோடு விலக்கி, அதற்குப் பதிலாகச் சொற்பொழிவுக் கூட்டம் வைத்தார்.

மணப்பந்தலில் சொற்பொழிவு கேட்டுப் பழகிய நம் தோழர்களுக்கு அந்த மாலை அந்நியமாகத் தோன்றாது. நண்பர் ஒருவர் பழைய நூல்களிலிருந்து சான்று காட்டி ஆண் பெண் சமம் என்றார். சோங் ஷு என்னும் இன்னொருவர் மறுத்தார்: அம்மையாரின் கல்வி மிகுந்தால் கணவர் அவரை ஆசிரியராகக் கொள்ளட்டும்; குறைந்தால் மாணவியாகக் கொள்ளட்டும்; சமம் எங்கே வந்தது என்றார். கல்வியிலே முன்பின் உண்டு, மனிதராக இருப்பதிலே எப்போதும் சமம் என்று மணமகன் விடை சொன்னார். நண்பர்கள் மணவீட்டில் செய்த வேலை அன்று இதுதான்.

அடுத்த ஆண்டுகளில் நகரத்து இளைஞரிடையே 'நாகரிகத் திருமணம்' பரவியது. ஆண் தோழன், பெண் தோழி, மணச்சான்றாளர், மோதிரம், முத்திரையிட்ட மணச்சான்றிதழ் எல்லாம் வந்தன. 1927 டிசம்பர் முதல் நாள் ஷாங்காயில் சியாங் கே ஷேக், சூங் மெய் லிங்கை மணந்தபோது, மாப்பிள்ளைத் தோழர் லியூ சிவென். மணச்சான்றாளராக நின்றவர் அதே சாய் யுவான்பெய். ஆடம்பரம் அங்கே குறைவில்லை. அதை நாம் போற்றவில்லை. 1931-இல் நடைமுறைக்கு வந்த குடும்பச் சட்டம், வெளிப்படையான சடங்கும் இரு சான்றாளரும் போதும் என்றது. 1935 ஏப்ரல் 3-ஆம் நாள் ஷாங்காய் நகராட்சி 57 இணைகளுக்கு ஒரே மேடையில் மணம் செய்வித்தது. 1950 மே முதல் நாள் வந்த திருமணச் சட்டம், வற்புறுத்தி மணமுடிப்பதையும் குழந்தை மண ஒப்பந்தத்தையும் துணைமனைவி முறையையும் தடுத்தது. இருவரும் நேரில் வந்து பதிய வேண்டும் என்றது. தரகருக்கு அந்த அலுவலகத்தில் நாற்காலி போடப்படவில்லை.

சட்டம் வந்தது, கயிறு போகவில்லை. 2016-இல் பாலித் தீவில் நடந்த ஒரு சீனத் திரை நடிகரின் திருமணத்தில், தோழியாக வந்த நடிகையை மணமகன் தோழர்கள் தூக்கி நீரில் எறிய முயன்ற காட்சி பரவியது. கண்டனம் எழுந்தது. பிறகு பொதுமக்களிடம் மன்னிப்புக் கேட்டவர்களில் அந்தப் பெண்ணும் ஒருவர்! 2018 நவம்பரில் குய்சோ மாநிலத்தில் ஒரு மணமகனை நண்பர்களே கட்டி அடித்தனர். தப்பியோடியவன் நெடுஞ்சாலையில் கார் மோதித் தலையில் கடுங்காயமுற்றான். தூ ஷி தொங்கவிடப்பட்டதற்கும் இதற்கும் ஏறத்தாழ ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகள். கட்டியவர்கள் பகைவர்கள் அல்லர். காவலுக்கு நிற்க வேண்டியவர்களே கட்டினார்கள்.

பொறுப்பறிந்த மாப்பிள்ளைத் தோழன் என்ன செய்கிறான்? முதல் நாளே தோழியருள் மூத்தவளிடம் போய், எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று பேசி வைக்கிறான். மிளகாய் சரி, பெண்ணின் உடலைத் தொட்டு ஆடும் ஆட்டம் கூடாது. அங்பாவ் எத்தனை என்பது அங்கேயே முடிகிறது. இரவு விருந்தில் ஒரு புட்டியிலே பழுப்பு நிறத் தேநீரை நிரப்பிக் கையோடு வைத்துக்கொள்கிறான். மேசைக்கு மேசை மணமகன் கோப்பையில் அதையே ஊற்றுகிறான். நிறம் பிராந்தியின் நிறம். 'யாம் செங்' என்னும் முழக்கத்தில் யாரும் முகர்ந்து பார்ப்பதில்லை.